மஞ்சள் வட்டத்துள் ஓர் எண்: அச்சும் பாரமும் பாலமும்

புனே நகரின் விஷ்ராந்த்வாடியிலிருந்து ஆளந்தி நோக்கிச் செல்லும் சாலையில் இரண்டு வகை வண்டிகளைக் காணலாம். பண்டரிபுர யாத்திரைக் காலத்தில் ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய தேர், காளைகள் பூட்டப்பெற்று, இவ்வழியே நகருக்குள் வருகிறது. மற்ற நாள்களில் இராணுவ வண்டிகள் ஓடுகின்றன. அருகிலுள்ள கலஸ், திகிப் பகுதியில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பைச் சேர்ந்த பொறியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது; 1962இல் தொடங்கப்பெற்ற அது, படைகளுக்குரிய பாலங்களை வடிவமைப்பதில் பெயர்பெற்றது. சற்று மேற்கே, கட்கியில், பம்பாய் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையின் தலைமையிடம்.

அந்த இராணுவ வண்டிகளின் முகப்பில் மஞ்சள் வட்டம் ஒன்றும், அதனுள் கறுப்பு நிறத்தில் ஓர் எண்ணும் தீட்டப்பட்டிருக்கும். பார்ப்பவர் பலரும் அதை வண்டியின் எடை என்றே கொள்வர். அது எடைக்கு நெருக்கமானது. ஆயினும் எடை அன்று. அச்சுகள் எத்தனை, ஒவ்வொன்றின்மீதும் எவ்வளவு பாரம், ஓர் அச்சுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பெற்ற தர எண் அது. பாலத்தின் முகப்பிலும் இதே முறையில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். வண்டியின் எண் பாலத்தின் எண்ணை மீறாவிட்டால் கடக்கலாம். போர்க்களத்தில் ஓட்டுநருக்குக் கணக்குப் போட நேரமில்லை. ஆகவே கணக்கு முழுவதையும் முன்கூட்டியே முடித்து ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிட்டனர். இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் படைகளில் பரவலான இம்முறை பின்னர் நேட்டோ நாடுகளின் பொதுத் தரமாயிற்று. இந்தியப் படையும் இதன் வழித்தோன்றலையே பயன்படுத்துகிறது.

இந்தத் தர வரிசையில் ஒரு விந்தை உண்டு. 70ஆம் தரத்துக்குரிய மாதிரி வாகனங்கள் இரண்டு. ஒன்று டாங்கி போன்ற சங்கிலித்தட வண்டி. அதன் எடை ஏறத்தாழ 63.5 டன். மற்றொன்று சக்கர வண்டி. அதன் எடை ஏறத்தாழ 73 டன். பத்து டன்னுக்கு அருகில் வேறுபடும் இரண்டுக்கும் தர எண் ஒன்றே. காரணம் நீளம். சங்கிலித்தடம் தன் பாரம் முழுவதையும் சில மீட்டருக்குள் இறக்குகிறது. சக்கர வண்டியோ அச்சுகளை இடைவெளி விட்டு நிறுத்திப் பாரத்தைப் பரப்புகிறது.

இந்திய நெடுஞ்சாலைப் பாலங்களின் இலக்கணத்திலும் இதே சிந்தனை ஊடுருவியிருக்கிறது. 1934இல் தோன்றிய இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த பார விதிகளில் ‘70 ஆர்’ என்றொரு பிரிவு உண்டு. அதன் சங்கிலித்தட வண்டி 70 டன். அதன் தடம் தரையைத் தொடும் நீளம் 4.57 மீட்டர். அதே பிரிவின் சக்கர வண்டியோ 100 டன், ஏழு அச்சுகள். முன்னிருந்து பின்னாக அவற்றின் பாரம் 8, 12, 12, 17, 17, 17, 17 டன். முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 13.4 மீட்டர். 10 மீட்டர் நீளமுள்ள, இரு முனைகளிலும் வெறுமனே தாங்கப்பட்ட ஒரு பாலத்தின்மேல் இவ்விரண்டையும் தனித்தனியே நிறுத்திக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 70 டன் சங்கிலி வண்டி பாலத்தின் நடுவில் ஏற்படுத்தும் வளைவுத் திருப்புத்திறன் ஏறத்தாழ 135 டன்-மீட்டர். 100 டன் சக்கர வண்டியை மிகவும் பாதகமான நிலையில் நிறுத்தினாலும் ஏறத்தாழ 104 டன்-மீட்டர்தான். முப்பது டன் கூடுதலான வண்டி இந்தப் பாலத்தைக் குறைவாகவே வளைக்கிறது. அதன் அச்சுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் அப்பாலத்தின்மேல் நிற்க இடமே இல்லை. பாலம் நீள நீள இச்சலுகை கரைந்துபோகும் என்பதையும் உடனே சேர்த்துச் சொல்ல வேண்டும். நீண்ட பாலத்தில் மொத்த எடையே மீண்டும் ஆட்சிக்கு வந்துவிடுகிறது.

மேற்சொன்ன ஆய்வு நிறுவனம் வடிவமைத்த குறுநீளப் பாலத் தொகுதிகள் 12, 2021 ஜூலை 2 அன்று தரைப்படையில் சேர்க்கப்பட்டன. 9.5 மீட்டர் வரையிலான இடைவெளியைக் கடக்க உதவும் அப்பாலத்தின் தரம் 70. அதைச் சுமப்பது எட்டுச் சக்கரமும் இயங்கும் டட்ரா வண்டி. பாலத்தைச் சுமக்கும் வண்டி, போகும் வழியில் ஊராரின் பாலங்களைக் கடந்தாக வேண்டும். ஆகவே அதன் அச்சுகளும் இதே கணக்குக்கு உட்பட்டவையே.

குடிமக்கள் ஓட்டும் வண்டிகளுக்கு இப்படி ஒற்றை எண் கிடையாது. அங்கே சட்டம் பேசுகிறது. சட்டத்தின் சொல்லை முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறும் ‘ஆக்ஸில் வெயிட்’ என்பது அச்சின் எடை அன்று. ஓர் அச்சில் பூட்டிய சக்கரங்கள் அனைத்தும் தாம் நிற்கும் தரைக்குக் கடத்துகிற மொத்த எடை. இதைத் தமிழில் ‘அச்சு எடை’ என எழுதும்போது, வேற்றுமைத்தொகை இரு பொருளுக்கு இடம்தருகிறது: அச்சினது எடை, அச்சின்மேல் ஏறிய எடை. ‘அச்சுப்பாரம்’ என்று எழுதினால் குழப்பம் குறையும். பாரம் என்ற சொல்லிலேயே சுமத்தல் இருக்கிறது.

பாரம் என்பது வண்டிக்காரர்களின் சொல்லும்கூட. இருசக்கர மாட்டுவண்டியில் சரக்கு முன்னே மிகுந்தால் ‘முன்பாரம்’. நுகம் காளையின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் ‘பின்பாரம்’. ஏர்க்கால் மேலெழும்பும், கழுத்துக் கயிறு காளையின் தொண்டையை இறுக்கும், மேடேறும்போது வண்டி பின்புறமாகக் குடைசாயும். நல்ல வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்தே மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்துவார். நுகத்தில் சிறிதளவு முன்பாரம் எப்போதும் இருக்க வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. இன்று காரின் பின்னே பூட்டும் சிறிய ட்ரெய்லரைக் கட்டுவோர், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை இழுகொக்கியில் அமரும்படி அச்சைப் பாரத்தின் மையத்துக்குச் சற்றுப் பின்னே பொருத்துகின்றனர். அதில் குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். மிகுந்தால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். காளையின் கழுத்துக்குப் பதிலாக இழுகொக்கி வந்திருக்கிறது, அவ்வளவே.

சங்கப் பாடல்களிலும் இந்தக் கவலை பதிவாகியிருக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் அடிமரத்தில் கட்டிச்செல்லும் மாற்று அச்சை அவனுக்கு உவமையாக்குகிறார். மேடுபள்ளம் நிறைந்த நெடுவழியில் மிகுந்த பண்டம் ஏற்றிய வண்டிக்கு அச்சு முறிவது எதிர்பார்க்கத்தக்க விபத்து. அதற்கெனக் காப்பாக ஒன்றைச் சுமந்தனர். அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் ‘சேம அச்சு’. (இன்றைய லாரி ஓட்டுநரின் ‘ஸ்டெப்னி’ வேல்ஸ் நாட்டுத் தெரு ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. சேமம் என்ற சொல்லைத் தமிழ் லாரிகள் ஏன் மீட்டெடுக்கவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.) திருக்குறளின் 475ஆம் குறள் மயிலிறகை ஏற்றிய வண்டியின் அச்சும் முறியும் என்று சொல்வதை அனைவரும் அறிவர். பொறியியல் நோக்கில் அக்குறள் மொத்தப் பாரத்தைப் பற்றியது. பாரம் எங்கே அமர்கிறது என்பதைப் பற்றியது அன்று. இந்த நுட்பத்தைப் பொறுத்தவரை உப்பு வண்டியும் முன்பாரமும் அறிந்தவர்களின் அனுபவம் மயிலிறகு உவமையைவிட ஒரு படி முன்னே நிற்கிறது. அச்சு என்ற சொல்லும், மராத்தியில் அச்சைக் குறிக்கும் ‘ஆஸ்’ என்ற சொல்லும் வடமொழி ‘அக்ஷ’த்தோடு தொடர்புபடுத்தப்படுகின்றன, விஷ்ராந்த்வாடிச் சாலையில் ஒரு தமிழ் ஓட்டுநரும் மராத்தி மெக்கானிக்கும் ஒரே சொல்லின் இரு கிளைகளால் பேசிக்கொள்கின்றனர்.

இனி சட்டத்தின் எண்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்கீழ் 1996 அக்டோபரில் வெளியான அறிவிக்கை, ஒவ்வோர் அச்சுக்கும் பாதுகாப்பான உச்சப் பாரத்தை வகுத்தது: இரு டயர் கொண்ட அச்சுக்கு 6 டன், நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன், எட்டு டயர் கொண்ட இரட்டை அச்சுக்கு 19 டன், பன்னிரண்டு டயர் கொண்ட மூவச்சுக்கு 24 டன். 2018 ஜூலை 16 அன்று இவை முறையே 7, 11.5, 21, 27 டன்னாக உயர்த்தப்பட்டன. சரக்குப் போக்குவரத்தின் செலவு குறையும், வண்டிகளின் தரமும் சாலைகளின் தரமும் உயர்ந்துள்ளன என்பது அரசின் வாதம்.

இப்பட்டியலைக் கூட்டிப் பார்ப்பவர்க்கு ஒரு முரண் தோன்றும். ஒற்றை அச்சுக்கு 11.5 டன் என்றால் மூன்று அச்சுக்கு 34.5 டன் அல்லவா? சட்டமோ 27இல் நிறுத்துகிறது. நெருங்கி நிற்கும் மூன்று அச்சுகளும் பாலத்தின் ஒரே இடத்தை ஒரே கணத்தில் அழுத்துகின்றன. மேலும் மேடுபள்ளச் சாலையில் மூன்றும் சமமாகச் சுமப்பதில்லை. விற்பட்டைகளை ஊசலாடும் கோல்களால் ஒன்றோடொன்று இணைத்துப் பாரத்தைப் பகிர்விப்பது வழக்கம். அந்தக் கோல் இறுகிப்போனாலோ, ட்ரெய்லரின் மூக்கு நிமிர்ந்து தளம் பின்சரிவாக நின்றாலோ, கடைசி அச்சு தன் பங்குக்கு மேல் சுமக்கும். தூக்கி இறக்கக்கூடிய அச்சு பொருத்திய வண்டிகளில், டயர் தேய்மானத்துக்கு அஞ்சிப் பாரத்தோடு ஓடும்போதே அதை உயர்த்திவிட்டால், காகிதத்தில் மூவச்சாக உள்ள வண்டி சாலையில் இரண்டச்சாகிவிடுகிறது.

சாலையின் மேற்பரப்பு வேறு மொழி பேசுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை, இதற்கென்றே அமைத்த வளையச் சாலைகளில் லாரிகளை ஓயாது ஓட்டிச் சோதித்தனர். அதிலிருந்து பிறந்ததே நான்காம் படி விதி: அச்சுப்பாரம் இரு மடங்கானால் சாலைச் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் தார்ச்சாலை வடிவமைப்பில் 80 கிலோநியூட்டன் ஒற்றை அச்சையும், 148 கிலோநியூட்டன் இரட்டை அச்சையும், 224 கிலோநியூட்டன் மூவச்சையும் சமச் சேதம் விளைவிப்பனவாகக் கொள்கிறது. இவ்வளவுகோலில் 2018ஆம் ஆண்டு உச்ச வரம்புகளை நிறுத்தினால், 11.5 டன் ஒற்றை அச்சு தர அச்சைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு சேதம் செய்கிறது. 21 டன் இரட்டை அச்சு செய்வது ஏறத்தாழ 3.75 மடங்கு. 27 டன் சுமக்கும் மூவச்சு செய்வதோ இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு. சுமக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் கணக்கிட்டால், ஒற்றை அச்சின் சேதத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே மூவச்சு செய்கிறது.

ஆகவே 2018ஆம் ஆண்டு உயர்வில் மிகவும் கேள்விக்குரியது மூவச்சு அன்று. பழைய இரண்டச்சு லாரியே. அதன் பின்னச்சு 10.2இலிருந்து 11.5 டன்னுக்குப் போனதால் ஒரு நடைக்கான சேதம் ஏறத்தாழ 62 விழுக்காடு கூடுகிறது. வெற்று வண்டி 6 டன் என்று கொண்டால், சரக்கு 10.2 டன்னிலிருந்து 12.5 டன்னாக, அதாவது 23 விழுக்காட்டுக்குள்தான் உயர்கிறது. நடைகள் குறைவதைக் கழித்த பின்னும் ஒரே அளவு சரக்குக்குச் சாலை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தேய்கிறது. இச்செலவு லாரி உரிமையாளரின் கணக்கேட்டில் வருவதில்லை.

பட்டியலை மீறாமல் இருப்பதற்கு அச்சு எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி ட்ரெய்லர் கட்டுவோருக்கு எஞ்சுகிறது. இழுவையின் முதுகில் கிங்பின் மூலம் அமரும் மூவச்சு ட்ரெய்லர் ஒன்றைக் கொள்வோம். தளமும் சரக்கும் சேர்ந்து 36 டன். அதன் எடைமையம் கிங்பின்னிலிருந்து 5 மீட்டர் பின்னே. மூவச்சுத் தொகுதியின் நடு, கிங்பின்னிலிருந்து 7.5 மீட்டரில் இருந்தால் அச்சுகளின்மேல் 24 டன், கிங்பின்மேல் 12 டன். அரை மீட்டர் முன்னே நகர்த்தி 7 மீட்டரில் வைத்தால் அச்சுகளின்மேல் 25.7 டன். அரை மீட்டர் பின்னே, 8 மீட்டரில் வைத்தால் 22.5 டன், ஆனால் கிங்பின் 13.5 டன்னாகி இழுவையின் பின்னச்சுகளை அழுத்தும். நெம்புகோல் விதியைத் தவிர இதில் வேறெதுவும் இல்லை. 1996ஆம் ஆண்டுப் பட்டியலின்படி முதல் வண்டி விளிம்பில் நிற்கும். இரண்டாவது குற்றம் செய்தது. இரண்டும் ஒரே எடை. வண்டி முழுவதையும் ஏற்றி நிறுத்தும் எடைமேடையில் இவ்விரண்டுக்கும் ஒரே சீட்டே கிடைக்கும்.

சரக்கின் நிலையும் இதற்குச் சளைத்ததன்று. எஃகுச் சுருள்களை அரை மீட்டர் தள்ளி வைப்பதும் அச்சை நகர்த்துவதும் ஏறக்குறைய ஒரே விளைவைத் தருகின்றன. அச்சைப் பின்னுக்குத் தள்ளினால் பாரம் பரவும், பாலம் மகிழும். ஆனால் வண்டி திரும்பும் வளையம் பெரிதாகும், குறுகிய ஊர்ச் சந்திப்பில் பின்சக்கரங்கள் நடைபாதையில் ஏறும். அச்சுகளின் இடைவெளியைப் பெருக்கினால் திருப்பத்தில் டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் லாரி வைத்திருப்போர்க்கு டயர்ச் செலவே முதற்கவலை. பாலத்துக்கு உகந்த இடமும் டயருக்கு உகந்த இடமும் ஒன்றாக இருப்பதில்லை. பல அச்சு வண்டிக்கே தமிழ்நாட்டில் ‘டாரஸ்’ என்பது பொதுப்பெயராகிவிட்டது. ஓர் உற்பத்தி நிறுவனத்தின் வண்டிப் பெயர் அச்சின் எண்ணிக்கையைக் குறிக்கும் சொல்லாக மாறியிருக்கிறது. அச்சின் இடைவெளியைக் குறிக்கும் பேச்சுச் சொல் ஒன்றும் அவ்வாறு வேரூன்றவில்லை.

அமெரிக்கா இவ்விடைவெளியைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. 1974ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத் திருத்தம் வண்டியின் உச்ச எடையை 80,000 பவுண்டாக உயர்த்தியபோதே, எந்த இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அச்சுகளின் எண்ணிக்கையையும் கொண்டு அனுமதிக்கும் எடையைக் கணிக்கும் சூத்திரத்தையும் விதித்தது. குறுகிய வண்டிக்குக் குறைந்த எடை. நீண்ட வண்டிக்கு மிகுந்த எடை. சலுகையும் நிபந்தனையும் ஒரே ஆவணத்தில் பிறந்தன.

இந்தியாவின் போராட்டமோ அடிப்படை வரம்பைக் காப்பதிலேயே கழிந்தது. கட்டணம் பெற்றுக்கொண்டு மிகைப்பாரத்தை அனுமதிக்கும் வழக்கம் பல மாநிலங்களில் இருந்தது. 2005 நவம்பரில் பரம்ஜீத் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: அபராதம் செலுத்திவிட்டால் மிகைப்பாரத்தோடு பயணத்தைத் தொடரும் உரிமை கிடைத்துவிடாது, மிகைச் சரக்கு இறக்கப்பட வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாகவும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயாகவும் உயர்த்தியது.

பட்டியலுக்குள் அடங்கவே இயலாத சரக்குகளும் உண்டு: மின்மாற்றிகள், கொதிகலன் பாகங்கள், சுத்திகரிப்பு ஆலைக்குரிய உருளைகள். இவற்றுக்கென வந்தவை நீரியல் ட்ரெய்லர்கள். ஒவ்வோர் அச்சும் ஓர் எண்ணெய் உருளையின்மேல் நிற்கும். உருளைகள் குழாயால் இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் அழுத்தம் சமமாகவே பகிரப்படும். ஊசலாடும் கோல் செய்ய முயன்றதை இங்கே எண்ணெய் செவ்வனே செய்கிறது. சாலைக் காங்கிரஸின் விதிகள் இத்தகைய வண்டிக்கெனத் தனிப் பாரம் ஒன்றை வகுத்துள்ளன: மூன்று அச்சு இழுவை 25 டன், அதன் பின்னே 1.5 மீட்டருக்கு ஒன்றாக இருபது அச்சுகள், ஒவ்வொன்றும் 18 டன். ஆக மொத்தம் 385 டன்.

அந்த வண்டி பாலத்தைக் கடக்கும்போது வேறெந்த வண்டியும் பாலத்தின்மேல் இருக்கக் கூடாது. வேகம் மணிக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆளந்தி சாலையில் காளைகள் இழுக்கும் தேரும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகிறது. வண்டி பாலத்தின் நடுக்கோட்டிலிருந்து 300 மில்லிமீட்டருக்கு மேல் விலகாது செல்ல வேண்டும்.